சர்க்கரைப் பாகு என்ற பழி

டிசம்பர் பிறந்தால் அந்தப் பேச்சும் கூடவே பிறந்துவிடும். கிறிஸ்துமஸ் படங்களா, எல்லாம் சர்க்கரைப் பாகு. கொஞ்சம் பனி, கொஞ்சம் கண்ணீர், கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். கேரல் பாட்டுகளா, துணிக்கடை ஒலிபெருக்கியில் ஓடுகிற சமாசாரம். சரக்கு விற்பதற்காகக் கடைக்காரர்கள் கண்டுபிடித்ததை வருஷா வருஷம் தூசு தட்டி எடுக்கிறார்கள், ரசனை உள்ளவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். மேல்நாட்டு விமர்சகர்களில் பலரும் இதைச் சொல்கிறார்கள். உலக சினிமா பார்க்கிற, செவ்வியல் இசை கேட்கிற நம் ஊர்க்காரர்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கருத்து அடியோடு தவறு. படங்களைப் பாதி பார்த்து, பாட்டுகளைப் பாதி கேட்டுச் சொல்லப்பட்ட தீர்ப்பு இது.

1990இல் வந்த ‘ஹோம் அலோன்’ படத்தையே எடுத்துக்கொள்ளலாம். பார்த்தவர்களைக் கேட்டால் வீட்டில் தனியாக விடப்பட்ட சிறுவன், இரண்டு திருடர்கள், தலையில் வந்து மோதும் பெயின்ட் டப்பா என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தேவாலயக் காட்சியைச் சொல்பவர்கள் குறைவு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை. பிள்ளைகளின் குவையர் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறது. தெருவே கண்டு நடுங்குகிற பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லி, சிறுவன் கெவின் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் வந்து உட்காருகிறார். பாடுகிற பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய பேத்தி. மகனுக்கும் அவருக்கும் பேச்சு முறிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இரவு ஆராதனைக்கு வந்தால் மகன் குடும்பத்துக்குப் பிடிக்காது என்பதால், ஒத்திகை நேரத்தில் வந்து பேத்தியின் குரலைக் கேட்டுவிட்டுப் போகிறார். ஒரு போன் போட்டுப் பேசிவிடலாமே என்கிறான் பையன். அவன் பேசாவிட்டால் என்ன செய்வது என்கிறார் கிழவர். எட்டு வயதுச் சிறுவனிடம் தன் பயத்தை ஒப்புக்கொள்ளும் அந்த முகத்தில் எங்கே இருக்கிறது சர்க்கரை? அந்த மார்லி என்ற பெயரும், டிக்கன்ஸ் கதையில் ஸ்க்ரூஜைத் தேடி வரும் இறந்த கூட்டாளியின் பெயரும் ஒன்றே. அந்தப் பக்கம் பிறகு வரவேண்டும்.

தித்திப்பு என்ற குற்றச்சாட்டு அதிகமாக விழுந்திருப்பது 1946இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ மீதுதான். தேவதை வருகிறது, மணி அடிக்கிறது, ஊரே கூடிப் பாடுகிறது என்று கடைசிப் பத்து நிமிடத்தை வைத்தே அதற்கு முத்திரை குத்துகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் என்ன நடக்கிறது? ஊரை விட்டுப் போய் உலகம் சுற்ற வேண்டும், பாலங்கள் கட்ட வேண்டும் என்று கனவு கண்ட ஜார்ஜ் பெய்லி என்ற ஒருவன், ஒவ்வொரு முறை புறப்படும்போதும் ஒரு கடமை வந்து காலைக் கட்ட, அப்பா விட்டுப்போன சிறிய வீட்டுக்கடன் நிறுவனத்திலேயே இளமையைத் தொலைக்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நிறுவனத்தின் 8,000 டாலர் காணாமல் போகிறது. சித்தப்பாவின் கைத்தவறுதலால் செய்தித்தாளோடு மடங்கிப்போன அந்தப் பணம் ஊர்ப் பணக்காரர் பாட்டர் கையில் கிடைக்கிறது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஜார்ஜ் வீட்டுக்கு வருகிறான். பிள்ளைகள் மரம் அலங்கரிக்கிறார்கள், மூத்த மகள் பியானோவில் ஒரே கேரலைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகுகிறாள். அவன் கத்துகிறான். இளைய மகளின் ஆசிரியையைத் தொலைபேசியில் திட்டுகிறான். மூலையில் தான் செய்துவைத்திருந்த பாலத்தின் மாதிரியை உதைத்து நொறுக்குகிறான். வீடே உறைந்து நிற்கிறது. கடன் தொண்டையை நெரிக்கிற ஒரு குடும்பத் தலைவனை ஹாலிவுட் இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய இடங்கள் சொற்பம்.

பிறகு அந்த மதுக்கடைக் காட்சி. ஜார்ஜ் தலையைக் கவிழ்த்துப் பிரார்த்திக்கிறான். ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஜெர்மனிமீது குண்டுவீச்சு விமானம் ஓட்டித் திரும்பியவர்; போருக்குப் பின் அவர் நடித்த முதல் படம் இது. அந்த இடத்தில் அழுகை தானாகவே வந்துவிட்டது. கேமரா கொஞ்சம் தள்ளி இருந்தது. திரும்ப எடுத்தால் அது வராது என்று தெரிந்த காப்ரா, எடுத்த காட்சியையே லேபில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி நெருக்கக் காட்சி ஆக்கினார். அதனால்தான் அந்த இடத்தில் மட்டும் படம் சற்றுப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அடுத்த முறை பார்க்கும்போது கவனிக்கலாம். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது ஒரு மனிதனின் நிஜ அழுகை.

இன்னொன்றும் உண்டு. பாட்டர் கடைசிவரை பிடிபடுவதே இல்லை. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை உண்டு என்று காட்டியே ஆகவேண்டும் என்ற தணிக்கை நெறி கோலோச்சிய காலத்தில், அந்த 8,000 டாலர் அவர் பையிலேயே இருக்கப் படம் முடிந்துவிடுகிறது. ஊரார் பணம் போட்டு ஜார்ஜைக் காப்பாற்றுகிறார்கள். அநியாயம் அப்படியே இருக்கிறது. வங்கிக்காரர்களை வில்லனாகக் காட்டுகிறது என்று சொல்லி 1947இல் எஃப்.பி.ஐ. இந்தப் படத்தைக் கம்யூனிசப் பிரச்சார ஐயத்தோடு குறித்து வைத்தது. வெறும் பாகு என்றால் எஃப்.பி.ஐ. ஏன் பேனாவை எடுக்கிறது?

இந்தக் கடன் விஷயம் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டதல்ல. கிறிஸ்துமஸ் கலையின் அடிமண்ணிலேயே அது இருக்கிறது. ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. அதை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அவர் தந்தை கடனுக்காக லண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பையன் செருப்பு மை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குப் போனான். குழந்தைத் தொழிலாளர் நிலை பற்றி அந்த ஆண்டு வந்த அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்து, ஒரு துண்டறிக்கை எழுத நினைத்தவர் கடைசியில் கதை எழுதினார். 1951இல் அலஸ்டேர் சிம் நடித்த ‘ஸ்க்ரூஜ்’ படத்தில் அந்தக் கோபத்தின் சூடு இன்னும் ஆறாமல் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில், பேயைவிட லண்டன் தெருவின் இருட்டுத்தான் அதிகம் பயமுறுத்துகிறது.

டிக்கன்ஸுக்கு நூறு ஆண்டுகள் முன்னால் போனாலும் அதே கடன் சிறை வாசலில்தான் வந்து நிற்போம். ஹாண்டெல் ‘மெசையா’வை 1741 ஆகஸ்ட் 22 தொடங்கி 24 நாட்களில் எழுதி முடித்தார். அது முதலில் பாடப்பட்டது 1742 ஏப்ரல் 13 அன்று, டப்ளின் நகரில். கூட்டம் தாங்காது என்று தெரிந்து, பெண்கள் வளையம் வைத்த பாவாடை உடுத்தாமலும் ஆண்கள் வாள் அணியாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். எழுநூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வசூல் இரண்டு மருத்துவமனைகளுக்கும் கடன்காரச் சிறைவாசிகளுக்கும் பகிரப்பட்டது. அந்தப் பணத்தில் 142 பேர் கடன் அடைபட்டு வெளியே வந்தார்கள். இன்று கிறிஸ்துமஸ் காலத்தில் அதன் ‘அல்லேலூயா’ கோரஸ் பாடும்போது பல இடங்களில் எழுந்து நிற்கிறார்கள். நிற்கிறவர்கள் அந்த 142 பேரை ஒரு நொடி நினைத்துக்கொண்டால் பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

இனி கடைக்காரர்கள் செய்த சதி என்ற வாதம். அதற்குத் தேதிகளே பதில் சொல்லிவிடும். ‘மெசையா’ ஏப்ரலில், ஈஸ்டரையொட்டிப் பிறந்தது. ஹாண்டெலும் அதைத் தவக்காலத்துப் பாட்டாகவே நடத்தினார். பாக் எழுதிய ‘கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ’வின் ஆறு பகுதிகளும் 1734 கிறிஸ்துமஸுக்கும் 1735 ஜனவரி 6க்கும் இடையே ஆறு திருநாள்களில் லைப்சிக் தேவாலயங்களில் பாடப்பட்டன. பிறகு 1857இல் பெர்லினில் மறுபடி பாடப்படும்வரை அது அலமாரியில் கிடந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் எந்தக் கடைக்காரனும் அதைத் தேடவில்லை. எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’ 1940 ஜனவரியில், பண்டிகை முடிந்த பிறகு வந்தது. ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ படத்தை 1947இல் கோடையை நோக்கி வெளியிட்டார்கள். அது கிறிஸ்துமஸ் கதை என்பதே விளம்பரத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

காப்ராவின் படமோ தோற்றது. ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் கணக்கில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் நட்டம். 1974இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்கத் தவறினார்கள். கட்டணம் இல்லை என்பதால் சின்னச் சின்னத் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பரில் அதை ஓயாமல் ஓட்டின. இலவசமாகக் கிடைத்ததால்தான் பிரபலமானது என்பார்கள். இப்படிக் காலாவதியான படங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. ஓட்டியது நிலையங்கள், உட்கார்ந்து பார்த்து அடுத்த ஆண்டும் தேடியது மக்கள்.

வியாபாரத்தின் பணம் நேரடியாகப் புழங்கிய இடத்தில்கூட வாதம் நிற்கவில்லை. 1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’ கோகோ-கோலா பணத்தில் எடுத்ததுதான். கதை என்னவென்றால், கிறிஸ்துமஸ் வியாபாரமாகிவிட்டதே என்று ஒரு பையன் வாடுகிறான்; பளபளக்கும் அலுமினிய மரங்களுக்கு நடுவே ஊசியிலை உதிரும் சோனி மரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான். சானல் அதிகாரிகளுக்குப் படம் பிடிக்கவே இல்லை. மெதுவாகப் போகிறது என்றார்கள். ஜாஸ் இசை எதற்கு, பைபிள் வாசகம் எதற்கு என்றார்கள். அந்த இசையை அமைத்தவர் வின்ஸ் குவரால்டி. பாடியவர்கள் கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் ஊர்த் தேவாலயப் பிள்ளைகள். சுருதி கொஞ்சம் இறங்குகிறது, ஒரு குரல் முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. அந்தக் குறையைத் திருத்தாமல் விட்டார்களே, அதில்தான் அந்த இசையின் உயிர் இருக்கிறது.

‘ஹோம் அலோன்’ தேவாலயத்துக்குத் திரும்பவேண்டும். அங்கே கிழவரும் பையனும் பேசிக்கொண்டிருக்கப் பிள்ளைகள் பாடுவது ‘கேரல் ஆஃப் த பெல்ஸ்’. விளம்பரங்களில் நைந்துபோன பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் அதன் கதையைக் கேட்க வேண்டும். அது உக்ரைன் நாட்டுப் பாட்டு, பெயர் ‘ஷ்செத்ரிக்’. மூலப் பாட்டில் மணியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. புத்தாண்டில் ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்குள் பறந்து வந்து, ஆட்டுக்குட்டி ஈன்றிருக்கிறது பார் என்று வீட்டுக்காரனுக்கு நல்ல சேதி சொல்கிறது. இசையமைப்பாளர் மைக்கோலா லெயொன்டோவிச் அதைக் கோரஸுக்காகப் பல ஆண்டுகள் எழுதி எழுதித் திருத்தினார். 1916இல் கீவ் நகரில் பாடப்பட்டது. அதன் உயிர் நான்கே ஸ்வர அடிகளில் இருக்கிறது. உண்மையில் மூன்றே ஸ்வரங்கள், ஒன்று இரண்டு முறை வருகிறது. அந்தச் சின்னத் துணுக்கு விடாமல் சுழல, அதன் மேலும் கீழும் மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக வந்து அடுக்கும். குருவியின் இறக்கை அடிப்பு போன்ற அந்தச் சுழற்சி ஒரு கட்டத்தில் பெரிய காற்றாக எழுந்து, பிறகு ஒற்றைக் குரலாக அடங்கும். இவ்வளவு சிக்கனமாக இவ்வளவு பெரிய கட்டடம் எழுப்புவது பெரிய கலைஞர்களுக்கே கைவரும்.

1921 ஜனவரியில் லெயொன்டோவிச் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தார். இரவு தங்க இடம் கேட்டு ஒருவன் வந்தான். சோவியத் ரகசியப் போலீஸின் ஆள். விடிந்ததும் அவரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டு அக்டோபர் 5 அன்று, அலெக்சாண்டர் கோஷெட்ஸின் உக்ரைன் பாடகர் குழு நியூயார்க் கார்னகி ஹாலில் அந்தப் பாட்டைப் பாடியது. சுதந்திரத்தை இழந்துவிட்ட ஒரு நாட்டின் குரல் அது. ஆங்கில வரிகளும் மணிகளும் 1936இல் வந்து சேர்ந்தவை.

போரை விலக்கிவிட்டுப் பார்த்தால் பண்டிகைக் கோரஸ் இசையில் பாதி காணாமல் போகும். பெஞ்சமின் பிரிட்டன் தன் ‘எ செரிமனி ஆஃப் கேரல்ஸ்’ தொகுப்பை 1942 வசந்தத்தில், ஜெர்மானிய நீர்மூழ்கிகள் திரிந்த அட்லாண்டிக்கில், ஒரு சுவீடன் சரக்குக் கப்பலின் அடைசலான அறையில் எழுதினார். வழியில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வாங்கிய பழைய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு ஒன்றுதான் கையில். சிறுவர் குரல்களும் ஒரே ஒரு ஹார்ப்பும். இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதில் சாத்தானின் படையோடு பச்சைக் குழந்தை போர் புரிவதைப் பாடும் பகுதியைக் கேட்டவர்கள், இனிமை என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்தமாட்டார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க் 1944 கிறிஸ்துமஸ் நாட்களில் கவிஞர் எலுவாரின் வரிகளுக்கு அமைத்த ‘ஒரு பனி மாலை’ இன்னும் கடுமையானது. அந்தப் பனியில் வேட்டையாடப்படுகிறவர்கள் ஓடுகிறார்கள். ‘கவென்ட்ரி கேரல்’ என்ற பதினாறாம் நூற்றாண்டுப் பாட்டு ஒரு தாலாட்டு. ஏரோது மன்னனின் வீரர்கள் குழந்தைகளைக் கொல்ல வருவதற்குச் சற்று முன்னால், பெத்லகேம் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடும் கடைசித் தாலாட்டு. 1940 நவம்பரில் குண்டுவீச்சில் எரிந்த கவென்ட்ரி பேராலயத்தின் இடிபாட்டுக்குள் நின்று அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு அதைப் பாடினார்கள், பி.பி.சி. ஒலிபரப்பியது.

சினிமாவில் இதற்கு ஈடாக கிறிஸ்தியான் காரியோன் 2005இல் எடுத்த ‘ஜுவாயே நோயல்’ உண்டு. 1914 கிறிஸ்துமஸில் மேற்குப் போர்முனையில் எதிரெதிர் பதுங்குகுழியிலிருந்த வீரர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கைகுலுக்கிய உண்மை நிகழ்ச்சிதான் கதை. ஒரு ஜெர்மன் பாடகன் பாடத் தொடங்க, மறுபுறத்திலிருந்து ஸ்காட்லாந்துப் பைக்குழல் சேர்ந்துகொள்கிறது. நெகிழ்ச்சிதான், மறுக்கவேண்டியதில்லை. ஆனால் படம் அங்கே முடியவில்லை. சேர்ந்து பாடியவர்கள் ஒவ்வொரு படையிலும் தண்டிக்கப்படுகிறார்கள். ஓர் ஆயர் வந்து, எதிரியைக் கொல்வதே தெய்வப்பணி என்று புதிய வீரர்களுக்குப் பிரசங்கிக்கிறார். ஜெர்மானியர்களைக் கூட்ஸ் வண்டியில் அடைத்துக் கிழக்குப் போர்முனைக்கு அனுப்புகிறார்கள். வண்டிக்குள்ளிருந்து அவர்கள் முனகுவது எதிரியிடம் கற்ற பாட்டு.

பாக்கின் ஆரட்டோரியோவில் ஒரே ஓர் இடத்தைச் சொல்லாமல் நகர முடியாது. மத்தளம்போல் டிம்பனி தனியாக ஐந்து தட்டுத் தட்டித் தொடங்குகிற கொண்டாட்டமான இசை அது. சற்று நேரத்தில், பிறக்கப்போகும் குழந்தையை எப்படி வரவேற்பேன் என்று கேட்கும் முதல் சபைப் பாட்டு வருகிறது. அதன் மெட்டு, பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ இசையில் இயேசுவின் முள்முடி சூடிய தலைக்குப் பாடப்படுகிற அதே மெட்டு. தொட்டிலுக்கும் சிலுவைக்கும் ஒரே ராகம். ஆறாம் பகுதியின் முடிவில் அதே மெட்டு எக்காளங்கள் சூழ வெற்றிப் பாட்டாக எழுகிறது. இதைக் கேட்ட பிறகும் கிறிஸ்துமஸ் இசை மேலோட்டமானது என்று சொல்ல மனம் வருமா?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஹால்மார்க் போன்ற சேனல்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறைய 40 புதுப் படங்களை ஒரே பருவத்தில் இறக்குகின்றன. நகரத்தில் வேலை பார்க்கும் பெண், சொந்த ஊர், பேக்கரி, பனி. ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்கவேண்டியதில்லை. அவை மெலிந்த படங்கள்தான். ஆனால் மசாலாப் படங்களை வைத்துத் தமிழ் சினிமா முழுவதையும் எடைபோட்டால் நாம் ஒப்புக்கொள்வோமா? அதே காலத்தில் ஜப்பானில் சதோஷி கோன் 2003இல் ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ எடுத்தார். தெருவில் வாழும் மூன்று பேர், குடிகாரன் ஒருவன், திருநங்கை ஒருத்தி, வீட்டை விட்டு ஓடிவந்த சிறுமி ஒருத்தி, கிறிஸ்துமஸ் இரவில் குப்பைக்குள் கிடந்த குழந்தையை எடுத்துக்கொண்டு அதன் தாயைத் தேடிப் போகிறார்கள். 2023இல் அலெக்சாண்டர் பெய்னின் ‘த ஹோல்டோவர்ஸ்’ வந்தது. விடுமுறைக்குப் பள்ளி விடுதியிலேயே தங்கிவிட்ட ஒரு பையன், யாருக்கும் பிடிக்காத ஓர் ஆசிரியர், வியட்நாம் போரில் மகனை இழந்த சமையல்காரத் தாய். இந்த மரபு இன்னும் பட்டுப்போகவில்லை.

லூபிட்ஷின் படத்தைப் பார்க்காதவர்கள் இந்த டிசம்பரிலாவது பார்த்துவிட வேண்டும். புடாபெஸ்ட் நகரத்துத் தோல்பொருள் கடை ஒன்றின் சிப்பந்திகள். வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லோர் முகத்திலும். முதலாளி அபிப்பிராயம் கேட்டால் பிரோவிச் என்ற குடும்பஸ்தர் ஓடி ஒளிகிறார். அந்த முதலாளி மட்டுஷெக், மனைவியின் துரோகம் தெரிந்து துப்பாக்கியை எடுத்துத் தன் உயிரையே முடித்துக்கொள்ளப் பார்க்கிறார். கிறிஸ்துமஸ் இரவு, நல்ல வியாபாரம் முடிந்து கடை அடைக்கிறார்கள். பனி கொட்டுகிறது. மட்டுஷெக் வாசலில் நின்றுகொண்டு, வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் இரவுக்கு என்ன திட்டம் என்று கேட்கிறார். சாப்பிட வா என்று கேட்க வாய் வரவில்லை. எல்லோருக்கும் போக இடம் இருக்கிறது. கடைசியாக வருகிறவன் புதிதாகச் சேர்ந்த எடுபிடிப் பையன் ரூடி. அவனுக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. ஆப்பிள் வைத்துச் சுட்ட வாத்து, வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய் சாலட் என்று முதலாளி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பையனின் கண்கள் விரிகின்றன. இருவரும் டாக்சி பிடிக்கிறார்கள். தனிமைக்கு இதைவிட நேர்மையான காட்சியை எழுதிவிட முடியாது.

மிஞ்சி நிற்பது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்ற புகார். திருவையாற்றில் ஆண்டுதோறும் அதே பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கேட்கக் கூடுகிறவர்களிடம் இந்தப் புகாரை யாரும் வைப்பதில்லை. சென்னையில் 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் குவையரிலோ, நெல்லையிலோ நாகர்கோவிலிலோ ஒரு சபையின் குவையரிலோ நவம்பர் முழுக்கப் பழகுகிறவர்களுக்கு, தன் ஆல்டோ வரி பக்கத்து டெனர் வரியோடு ஒரே இடத்தில் வந்து பொருந்துகிற நொடி எந்த ஆண்டும் பழசானதில்லை.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் 1918 டிசம்பர் 24 அன்று ‘ஒன்பது வாசகங்கள்’ கேரல் ஆராதனை தொடங்கியது. முதல் உலகப் போர் ஓய்ந்து ஆறே வாரம். தொடங்கியவர் எரிக் மில்னர்-ஒயிட், போர்முனையில் படைக் குருவாக இருந்து திரும்பியவர். அவர் எழுதிய தொடக்க மன்றாட்டு பசித்தோரையும் குளிரில் வாடுவோரையும் இறந்துபோனவர்களையும் நினைக்கிறது. 1928 முதல் பி.பி.சி. அதை ஒலிபரப்புகிறது. இரண்டாம் உலகப் போரில் வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, கணப்பில்லாத குளிரில் பாடினார்கள். 1919 முதல் ஆண்டுதோறும் ஆராதனை ஒரே பாட்டில்தான் தொடங்குகிறது. முதல் பத்தியை ஒரு சிறுவன் துணையின்றித் தனியாகப் பாடுவான். பல சிறுவர்கள் அதைப் பாடத் தயாராகியிருப்பார்கள். யார் பாடுவது என்பது அவர்களுக்கே தெரியாது. ஒலிபரப்பு தொடங்கும் வேளையில் இசை இயக்குநர் ஒருவனைப் பார்த்துக் கையசைப்பார். அவன் ஓர் அடி முன்னால் வந்து மூச்சை இழுப்பான்.